ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

டெக்சாஸில் நல்ல டாக்கோ எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே சில வருடங்கள் வாழ்ந்த எவரும் ஒரு பெட்ரோல் பங்க்கின் பெயரையாவது சொல்லுவார். சொல்லும்போது குரல் சற்றுத் தாழும். "பெட்ரோல் பங்க்தான், ஆனால்..." என்று தொடங்குவார். அந்த "ஆனால்"தான் என் பிரச்சினை. அமெரிக்க உணவு எழுத்தில் இது ஒரு தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டது. அழுக்கான நிறுத்தம், குளிர்பான அலமாரிகள், மூலையில் ஒரு ஜன்னல், அதற்குள் ஓர் அற்புதம். எனக்கென்னவோ இந்த ஆச்சரியத்தின் அடியில் மெல்லிய இளக்காரம் ஒளிந்திருப்பதாகவே படுகிறது.

ஏனெனில் இதில் அற்புதம் ஏதுமில்லை, கணக்குதான் இருக்கிறது. பெட்ரோலில் சில்லறை வியாபாரிக்கு நிற்பது காலனுக்குச் சில சென்ட்டுகள். காசு கடைக்கு உள்ளே இருக்கிறது. பம்ப்பிலேயே அட்டையைத் தேய்த்துவிட்டுப் போகும் வசதி வந்தபின் வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டிய அவசியமும் போயிற்று. அவரை இழுக்க முதலில் காப்பி வந்தது, பிறகு அடுப்பு வந்தது. கடைக்காரர் பல இடங்களில் நம் குஜராத்திக்காரராகவோ பஞ்சாபியாகவோ வங்காளதேசத்தவராகவோ இருப்பார். கடையின் ஒரு மூலையையும் புகைபோக்கியையும் ஒரு மெக்சிகக் குடும்பத்துக்கு அவர் வாடகைக்கு விட்டால் இருவருக்கும் லாபம். தனியாக உணவகம் திறக்க முதலில்லாத சமையல்காரருக்கு வாகன நிறுத்தமும் விளக்கும் கழிப்பறையும் கூட்டமும் ஏற்கனவே இருக்கின்றன.

அந்தக் கூட்டம் யார் என்பதுதான் முக்கியம். விடியற்காலை ஐந்து மணிக்கு லாரிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போகும் கூரை வேய்பவர்கள், வர்ணம் பூசுபவர்கள், புல் வெட்டுபவர்கள். டோர்ட்டியா எப்படியிருக்க வேண்டும் என்பதைத் தாயின் அடுக்களையில் கற்றவர்கள். வாரத்தில் ஆறு நாள் அதையே தின்பவர்கள். ஒருநாள் சால்ஸா நீர்த்துப்போயிருந்தால் மறுநாள் எதிர்த்தெரு பங்க்குக்குப் போய்விடுவார்கள். எந்தப் பத்திரிகை விமரிசகர் இவ்வளவு கறாராக இருக்க முடியும்? ஐந்தாறு பதார்த்தங்கள்தான், அவை விற்றுத் தீர்ந்துகொண்டே இருப்பதால் எதுவும் ஆறுவதில்லை. சுவையின் பாதி அதில்தான்.

எழுத்தாளர்கள் இதைத் தாமதமாகவே கண்டுகொண்டார்கள். டெக்சாஸ் மந்த்லி இதழ் 2006 டிசம்பரில் சாவதற்கு முன் தின்ன வேண்டிய 63 டாக்கோக்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் டாலஸ் நகரின் ஃப்யூயல் சிட்டி என்ற பெட்ரோல் நிலையத்து பிகதியோ டாக்கோவுக்குப் போயிற்று. கொத்திய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அவ்வளவே. அடுத்த ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸின் மூலைமுடுக்குக் கடைகளைப் பற்றி எழுதிவந்த ஜானதன் கோல்டு, உணவக விமரிசகர்களில் முதல்வராகப் புலிட்சர் பரிசு பெற்றார். டாக்கோவைப் பற்றி மட்டும் எழுத ஓர் ஆசிரியரை அதே டெக்சாஸ் மந்த்லி நியமித்தது 2019இல்தான்.

சரி, டாக்கோவுக்கு வருவோம். எல்லாப் பேச்சும் உள்ளே வைக்கும் இறைச்சியைப் பற்றியே இருக்கிறது. என் பார்வையில் டோர்ட்டியாதான் சாப்பாடு, மற்றது தொடுகறி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிட்டுத் தோல் கழற்றி அரைக்கிறார்கள். நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். அது மாவுக்கு இழுபடும் தன்மையைத் தருகிறது. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தையும் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்தச் சுண்ணாம்பைக் கொண்டுபோகாத ஐரோப்பியர்கள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைகளும் அதில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பக்கத்து நாட்டுக் கிழவிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

உண்மையைச் சொல்வதானால், பெட்ரோல் பங்க்குகளில் சோள டோர்ட்டியா பெரும்பாலும் பொட்டலத்திலிருந்துதான் வருகிறது, சுமார்தான். தெற்கு டெக்சாஸில் கோதுமை டோர்ட்டியாவைக் கேளுங்கள். கோதுமை ஸ்பானியர் கொண்டுவந்தது. வடக்கு மெக்சிகோவில் அது வேரூன்றிவிட்டது. கண்ணெதிரே உருட்டித் தட்டி, கல்லில் போட்டு, கொப்புளம் கொப்புளமாகக் கருகி வரும் அது, சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் நடுவே எங்கோ நிற்கும். சனி, ஞாயிறு காலைகளில் மட்டும் பார்பகோவா இருக்கும். மாட்டுத்தலை இறைச்சி அது. பண்ணை முதலாளிகள் வேண்டாமென்று ஒதுக்கிய தலையைக் கூலியின் பகுதியாகப் பெற்ற மாடு மேய்ப்பர்கள், குழி தோண்டி இரவெல்லாம் வேகவைத்த உணவு. இப்போது குழி போய் ஆவிப்பாத்திரம் வந்துவிட்டது. கன்னத்து இறைச்சியின் பசை இன்னும் உதட்டில் ஒட்டத்தான் செய்கிறது.

பெருநிறுவனம் கைவைத்தால் கெட்டுவிடும் என்பார்கள். நான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்ட்ரைப்ஸ் கடைகளின் உள்ளே இயங்கிவந்த லரேடோ டாக்கோ கம்பெனியை 2018 ஜனவரியில் செவன் இலெவன் வாங்கியது. 1927இல் டாலஸில் பனிக்கட்டி விற்ற கடையிலிருந்து முளைத்து, இன்று ஜப்பானியர் கையில் இருக்கும் நிறுவனம். அப்படியும் அந்த டோர்ட்டியாவை எத்தனையோ தனிக்கடைகளின் டோர்ட்டியாவுக்கு மேலே வைப்பேன்.

என் வருத்தம் விலையைப் பற்றியது. கிருஷ்ணேந்து ராய் 2016இல் வெளியிட்ட தி எத்னிக் ரெஸ்ட்டாரட்டர் நூலில் ஒன்றைக் கவனப்படுத்துகிறார். ஓர் உணவுக்கு அமெரிக்கர்கள் எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார்கள் என்பது உழைப்பையோ நுட்பத்தையோ பொறுத்ததல்ல. அதைச் சமைக்கும் இனத்தார் சமூகப் படிக்கட்டில் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய உணவு மேலே ஏறியது, மெக்சிக உணவு கீழேயே நிற்கிறது. கைவினைப் பாஸ்தாவுக்கு இருபது டாலர் தருகிறவர் டாக்கோவுக்கு நான்கு டாலர் என்றால் முகம் சுளிக்கிறார். பெட்ரோல் பங்க் டாக்கோவைப் புகழும் கட்டுரைகளில் "மலிவு" என்ற சொல் "சுவை"க்கு அடுத்தபடியாக வருவது இதனால்தான். மலிவாக இருக்கும்வரைதான் அது அற்புதம், விலை ஏறினால் அசலல்ல. சமையல்காரரின் கூலிதான் அந்த மலிவு என்பதை யாரும் எழுதுவதில்லை. நம்மவர்களும் விதிவிலக்கல்ல. நாற்பது மைல் ஓட்டிப்போய்ப் பதினைந்து டாலர் தோசையைச் சத்தமில்லாமல் சாப்பிடும் அன்பர்கள், டாக்கோ ஜன்னலில் பேரம் பேசாத குறையாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். மெக்சிகோ நகரத்தில் எல் கலிஃபா தே லியோன் என்ற நின்றுகொண்டே தின்னும் கடைக்கு 2024இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. நட்சத்திரத்தை அங்கீகரித்தவர்கள் அதற்குரிய விலையையும் அங்கீகரிப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

இதைக் கல்லாப்பெட்டிக் கணக்கோடு நிறுத்திவிடவும் முடியவில்லை. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்றத் துறையின் சோதனைகள் தீவிரமானபோது டாக்கோ வண்டிக்காரர்கள் பலர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வந்தவர்களுக்கு வாடிக்கையாளர்கள் வரவில்லை. ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவர்களும் ஒரே மக்கள்தானே. எல்.ஏ. டாக்கோ என்று ஓர் இணையதளம் உண்டு. 2006இல் தொடங்கியது; எந்தத் தெருமுனையில் எந்த டாக்கோ நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லிவந்தது. அந்தக் கோடையில் அதன் செய்தியாளர்கள் எந்தத் தெருவில் யார் பிடிபட்டார்கள் என்பதை நாள்தோறும் எழுதத் தொடங்கினார்கள்.