கேட்காமல் போட்ட தடை, கேட்காமல் எடுத்த தடை

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் 2022 ஜூலையில் ஒரு சட்டம் காலாவதியானது. பழங்குடி ஊர்கள் பலவற்றில் 15 ஆண்டுகளாக இருந்த மதுத் தடை அதோடு போயிற்று. தடையைத் திடீரென எடுக்க வேண்டாம் என்று பழங்குடியினரே நடத்தும் சுகாதார அமைப்புகள் முன்கூட்டியே எச்சரித்தன. அரசு செவிமடுக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அடிதடியும் குடும்ப வன்முறையும் பெருகின. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். 2023 ஜனவரியில் பிரதமர் ஆன்டனி அல்பனீசி அவசரமாக அங்கே போனார். அடுத்த மாதமே தடை திரும்பியது.

முதலில் தடை வந்த விதமும் இதே போலத்தான். 2007-ல் ஜான் ஹோவர்ட் அரசு 73 ஊர்களைக் குறிவைத்து, மதுத் தடை உள்ளிட்ட அவசரத் தலையீட்டை அறிவித்தது. ராணுவத்தினரும் அனுப்பப்பட்டனர். 1975-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும் என்பதால், இந்த நடவடிக்கைகளுக்கு அது பொருந்தாது என்று நாடாளுமன்றமே எழுதிவிட்டது. தோலின் நிறத்தை வைத்து யாரையும் வேறுபடுத்தி நடத்தாதே என்று சொல்லும் சட்டத்தை, அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே இல்லாமல் செய்தார்கள். 2010 இறுதியில்தான் அந்தப் பாதுகாப்பு திரும்பியது.

அந்தப் பாதுகாப்பின் பலம் எவ்வளவு என்பதைக் குயின்ஸ்லாந்தின் பாம் தீவு வழக்கு காட்டியது. அந்தத் தீவில் ஆல்கஹால் குறைந்த பீர் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட அளவுக்குள் வைத்திருக்கலாம் என்ற விதி இருந்தது. 2008-ல் தீவுவாசியான ஒரு பெண்ணின் காரில் போர்பனும் ரம்மும் இருந்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார். வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. இந்தத் தடை பழங்குடியினரின் நன்மைக்கான ‘சிறப்பு நடவடிக்கை’, ஆகவே செல்லும் என்று 2013-ல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். யாருடைய நன்மைக்கோ அவர்களைக் கலந்தாலோசித்திருக்க வேண்டும் என்பது சட்டப்படி கட்டாயமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. நம்மை அச்சுறுத்துவது இந்த வரிதான்.

இந்த மக்களுக்கு இது புதிதல்ல. ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவுக்குக் குடியுரிமை தந்து, மது வாங்கும் உரிமையையும் தந்த அரசு, மதுவைத் தன் உறவினரோடு பகிர்ந்தார் என்று 1958-ல் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மறுவருடம் அவர் இறந்தார். பழங்குடியினரில் மதுவைத் தொடாதவர்களின் விகிதம் மற்ற ஆஸ்திரேலியர்களைவிட அதிகம் என்று அரசின் கணக்கெடுப்புகளே பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் சந்தேகம் அவர்கள்மேல்தான்.

தடையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. குடியால் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் உரிமைத் தத்துவம் பேசுவது கொடுமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில், சாவுமேல் சாவு விழுந்த காலத்தில், ஜூன் ஆஸ்கர் உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் கூடிப் பேசி, வீட்டுக்கு வாங்கிப்போகும் கடும் மதுவை நிறுத்தக் கோரினார்கள். 2007-ல் அது நடந்தது. ஊரில் எல்லோரும் அதை விரும்பவில்லை; பெண்கள் ஏச்சுக்கு ஆளானார்கள். ஆனால் குடியால் காயப்பட்டு மருத்துவமனைக்கு வந்தோர் குறைந்தனர். அது அவர்கள் கேட்டு வாங்கிய தடை. அதைக் காக்கும் துணிவும் அவர்களிடமே இருந்தது.

இப்போது எச்சரிக்கை மணி அடிக்கக் காரணம் உண்டு. பழங்குடியினரின் குரலை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் 2023 அக்டோபர் வாக்கெடுப்பில் எல்லா மாநிலங்களிலும் தோற்றது. வட பிராந்தியம் 2018-ல் கொண்டுவந்த, 10 கிராம் ஆல்கஹாலுக்கு 1.30 டாலர் என்ற குறைந்தபட்ச விலையையும் புதிய அரசு 2025-ல் நீக்கிவிட்டது. ஊர்களுக்குத் தடை தொடர, கடையில் மலிவு மது திரும்புகிறது. இனப் பாகுபாட்டுச் சட்டமோ சாதாரணச் சட்டம். எந்த நாடாளுமன்றப் பெரும்பான்மையும் நாளையே அதை மறுபடி ஒதுக்கிவைக்கலாம்.

கான்பெராவில் உள்ள மத்திய அரசு செய்ய வேண்டியது இது: பாதிக்கப்படும் மக்களின் முன்சம்மதம் இல்லாத எதுவும் ‘சிறப்பு நடவடிக்கை’ ஆகாது என்று 1975 சட்டத்திலேயே எழுத வேண்டும். தடையைக் கொண்டுவரவும், நீட்டவும், நீக்கவும் அந்தச் சம்மதம் தேவை. காலாவதி தேதி உள்ள ஒவ்வொரு தடைக்கும், அந்தத் தேதிக்கு ஓராண்டு முன்பே ஊர்க் கூட்டங்கள் நடந்தாக வேண்டும். அதற்கான பணமும், பெண்களுக்கான காப்பகங்களும், குடிமீட்புச் சிகிச்சையும் அதே சட்டத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.