வழக்கறிஞருக்கும் வகுப்பறை வேண்டும்

சட்டம் படித்துப் பட்டம் பெற்று, வழக்கறிஞராகப் பதிவும் செய்துகொண்ட ஒருவருக்கு மீண்டும் பள்ளிக்கூடமா என்று கேட்பார் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் சித்தப்பாவின் வழக்கு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

சித்தப்பா ஒருவருக்குப் பிராமிசரி நோட்டு இல்லாமல், முகத்தை நம்பிக் கடன் கொடுத்தார். வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு பேசிய பேச்சு மட்டும் அலைபேசியில் பதிவாகியிருந்தது. கடைப்பையன் ஒருவன் அதைக் குறுந்தகட்டில் ஏற்றிக் கொடுக்க, வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இதற்குரிய சான்றிதழ் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை. குறுந்தகடு ஏற்கப்படவில்லை; வழக்கும் தள்ளுபடியாயிற்று.

மின்னணுச் சான்றின் நகலைக் கொடுத்தால் உரிய சான்றிதழும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே அன்வர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை மீண்டும் உறுதி செய்தது. அதே தீர்ப்பில் இரண்டு வழிகளும் காட்டப்பட்டிருந்தன. விசாரணை முடிவதற்குள் சான்றிதழைக் கொடுக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். மூலக் கருவியையே உரியவர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழே வேண்டியதில்லை. சித்தப்பாவின் வழக்கு நடந்ததோ 2022இல். அந்த அலைபேசி ஒவ்வொரு வாய்தாவிலும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது!

அந்த வழக்கறிஞரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, குத்தகை என்றால் எங்கள் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஏழைக் கட்சிக்காரரிடம் காசு கேட்டுக் கறாராக நிற்பவரும் அல்லர். அவர் படித்த காலத்தில் அலைபேசி என்ற பொருளே இல்லை. பின்னர் வந்ததை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? அந்தக் கடமை எவருக்கும் வைக்கப்படவில்லை என்பதே என் குறை.

2024 ஜூலை 1 முதல் நிலைமை இன்னும் கடினமாகிவிட்டது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மூன்றும் போய், புதிய சட்டங்கள் மூன்று வந்துவிட்டன. சினிமா பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த 302 இப்போது 103. 420 என்பது 318. எண்களை ஓர் அட்டவணையை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்கு வரவேண்டும் என்பதும், சோதனையை ஒலி, ஒளியுடன் பதிவு செய்யவேண்டும் என்பதும், மின்னணுச் சான்றிதழில் வல்லுநரும் கையொப்பமிட வேண்டும் என்பதும் அட்டவணையில் அடங்குமா?

மருத்துவர்களைப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நம் பேராசிரியர்களும் புத்தொளிப் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். (பதவி உயர்வுக்காகத்தான் போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்லவில்லை!) அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1975இலேயே வழக்கறிஞருக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது; மூன்றாண்டுக்கு 45 மணி நேரம். நம் நாட்டில் 2010க்குப் பின் பட்டம் பெற்று வந்தவர்க்கு வாசலில் ஒரு தேர்வு வைத்தார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் நாற்பதாண்டுக் காலம் கேட்பாரில்லை. சட்டக் கருத்தரங்குகளும் சொற்பொழிவுகளும் நடத்துவது வழக்கறிஞர் மன்றங்களின் பணி என்று 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் 1973இலேயே திருத்தம் சேர்த்தாயிற்று. அப்படிச் சில நடக்கவும் நடக்கின்றன. ஆனால் பெரிய நகரத்தில், குளிரூட்டிய மண்டபத்தில், ஆங்கிலத்தில் நடப்பது உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் எப்படி எட்டும்?

மதுரைக்கு இந்தத் துறையில் பழைய உரிமை உண்டு. நம் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. வேலையை விடாமல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். 1974இல் சட்டக் கல்லூரி வந்தது. 2004இல் உயர்நீதிமன்றக் கிளையும் வந்தது. பட்டம் இல்லாதவருக்குப் பட்டம் கொடுக்க வழி கண்ட ஊர், பட்டம் உள்ளவருடைய அறிவு துருப்பிடிக்காமல் இருக்கவும் வழி காணலாகாதா?

கட்டாயம் என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். மெய்தான், அந்தக் கலையில் மாணவர்களாகிய நாமே தேர்ந்தவர்கள். மாதவருமானம் இல்லாத ஜூனியர்களிடம் கட்டணம் கேட்பதும் நியாயமன்று. ஆகவே நான் கேட்பது சிறியது. சனிக்கிழமை மாலையில் நம் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவற்றைத் திறந்துவிடலாம். சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்து புதிய சட்டத்தில் ஒரு பகுதியைத் தமிழில் விளக்கட்டும். கீழ் நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது தமிழில்தானே? மின்னணுச் சான்றிதழில் 'ஹேஷ்' மதிப்பு என்று ஒன்று குறிக்கவேண்டும். அது இன்னதென்று நம் கணினித் துறை மாணவரே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவார். அவருக்குப் பதிலாக, ஒரு வழக்குக் கட்டு எப்படி உருவாகிறது என்பதை வழக்கறிஞர்கள் நமக்குச் சொல்லட்டும்.

முதல்வர் அவர்கள் இதற்கு இசைவு தந்தால், முதல் வகுப்புக்கு எங்கள் வழக்கறிஞரை நானே போய் அழைத்து வருகிறேன். அவர் வருவார் என்றே நினைக்கிறேன். தீர்ப்பு வந்த அன்று மாலையே அந்த 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகல் எங்கே கிடைக்கும் என்று என்னிடம்தான் கேட்டார்.