புள்ளியைத் தொலைக்கும் நிரல்கள்

சின்ன காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் நாடா வேறு வேறு. இரண்டும் கோக்கும் இடம் பிசகினால் சேலை பிரிந்துவிடும். நம் செய்தி மென்பொருள்கள் பிசகுவதும் கோர்வையில்தான். செல்பேசியில் ஒரு நிரல்மொழி, வழங்கியில் இன்னொன்று. இரண்டுக்கும் எழுத்து என்றால் எது என்பதில் ஒப்புதல் இல்லை.

‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிப்பிள்ளை 6 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மொழியும் அப்படியே எண்ணுகிறது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றும் 11 என்கின்றன. கோ மொழி பைட்டுகளை எண்ணி 33 என்கிறது. ஒருங்குறியில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி இடம் என்பதே காரணம்.

இது கணிப்பொறிக்காரர்களின் சில்லறைச் சச்சரவு என்று இலக்கிய அன்பர்கள் ஒதுங்குவதுதான் என் கோபம். ‘தறியை விற்கவில்லை’ என்று ஒரு நெசவாளர் எழுதுகிறார். இடைவெளியையும் சேர்த்து 10 எழுத்து. ஜாவாவின் கணக்கில் 17. முன்னோட்டத்தை 11 இடத்தில் வெட்டும் நிரல் ‘தறியை விற்க’ என்று காட்டும். மறுப்பு ஆணையாகிவிட்டது!

‘கோயில்’ கதை இன்னும் மோசம். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், இரண்டு துண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றே. ஸ்விஃப்ட் தவிர மேற்சொன்ன மொழிகள், இயல்பாக்கம் செய்யாவிட்டால், இரண்டும் வெவ்வேறு என்று சாதிக்கும். தேடினால் கிடைக்காது.

உடனே சிலர், எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்-16 இருக்கிறதே என்பார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றது உண்மை. ஆனால் அது நிற்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அதற்கான எழுத்துரு இல்லாத செல்பேசியில் வெறும் கட்டம்தான் தெரியும். திஸ்கி, டாப், டாம் என்று தளத்துக்கொரு எழுத்துரு தேடி அலைந்த நாள்களை மறந்துவிட்டோமா?

மருந்து ஒருங்குறிக்குள்ளேயே இருக்கிறது. சரங்களை இயல்பாக்கவும், பயனர் காணும் எழுத்தாக எண்ணவும் அதில் விதிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில்கூட அதற்கான கருவி வந்துவிட்டது. பயன்படுத்தாதது சோம்பல், கேட்காதது நம் குற்றம். ஒற்றுப்பிழைக்கு எழுத்தாளனை உலுக்கும் நாம், ஒற்றையே விழுங்கும் மென்பொருளிடம் ஏன் வாய் திறப்பதில்லை?