தபாலில் சேராத ஒரு விண்ணப்பம்



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி போன் செய்தான். "அக்கா, பேத்தி என்.டி.ஏ. எழுதணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பொம்பளப் பிள்ளைய மிலிட்டரிக்கு அனுப்பிட்டு நாங்க எப்படித் தூங்கறது? நீ சொன்னா கேப்பா. நீ பேசி நிறுத்து" என்றான்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. காரணம் உங்களில் யாருக்கும் தெரியாது. இன்று சொல்கிறேன். தம்பியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1977. எனக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அந்த ஊருக்கும் இப்போதைய மாவட்டப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை, அப்போது எல்லாமே வட ஆற்காடுதான். தம்பி பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பம் வரவழைத்து, அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்து, என் கையில் கொடுத்தான். என் பள்ளிக்குப் பக்கத்தில்தான் தபால் ஆபீஸ். "அக்கா, ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடு" என்றான். அன்றைக்கு ராத்திரி அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே பையன். போடாதே" என்றார்.

நான் போடவில்லை. வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்திருந்தேன், கடைசித் தேதி போகும்வரை. அவன் கேட்டபோது "போட்டாச்சு" என்றேன். ஹால் டிக்கெட்டுக்காக அவன் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றான். ஒருநாள் "அக்கா, ரிஜிஸ்டர் ரசீது இருக்கா?" என்று கேட்டான். "எங்கேயோ தொலைஞ்சு போச்சுடா" என்றேன். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை.

அவன் பிறகு கூட்டுறவு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றான். நல்ல வாழ்க்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாழ்க்கை நன்றாக அமைந்தது என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. அவன் தேர்விலேயே தோற்றிருக்கலாம். நேர்முகத்தில் திருப்பி அனுப்பியிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் அது அவனுடைய தோல்வியாக இருந்திருக்கும். நான் அவனைத் தோற்கக்கூட விடவில்லை.

இப்போது அதே தம்பி, அதே வேலையை என்னிடம் கொடுக்கிறான். அப்பாவைப் போலவே அவனும் பயப்படுகிறான். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் சீருடைப் படம் மாலையோடு தொங்குகிறது. ஆனால் தடுப்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றல்ல. பெரியவர்களின் வேலை இரண்டாவது.

பேத்தியை வரச் சொன்னேன். அதற்கு முன் ஒரு வாரம் நானே உட்கார்ந்து படித்தேன். நாற்பது வருஷம் பாடம் நடத்தினவள், தயாரிப்பு இல்லாமல் வகுப்புக்குப் போக முடியாது அல்லவா? படித்ததில் உங்களுக்கும் பயன்படுவதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "நாலு வருஷத்துல வெளியே அனுப்பிடுவாங்களாமே" என்று உறவில் இரண்டு பேர் கேட்டார்கள். அது 2022-ல் வந்த அக்னிபத் திட்டம், சிப்பாய் நிலையில் சேர்பவர்களுக்கு. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். என்.டி.ஏ. வேறு. அது அதிகாரியாகச் சேர்வதற்கு.

என்.டி.ஏ. புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய தடை. அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் மாறும்வரை காத்திருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் கணக்குப் போட்டுப் பழகுவதுதான் வழி.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வு. அதற்குத் தனியாக 900 மதிப்பெண். முதல் நாளே பெரும்பாலோரை வடிகட்டி அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு, படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு வார்த்தையைக் காட்டி 15 விநாடிக்குள் மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள், இப்படி 60 வார்த்தை. குழுவாகத் தடைகளைத் தாண்ட வைப்பார்கள். கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. ஒரு முறைக்கு மொத்தம் சுமார் 400 இடங்கள்தான். அதில் பெண்களுக்கு உள்ளவை மிகச் சில.

பெண்களுக்கு அந்தக் கதவு திறந்ததே 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான். 2022-ல் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். செய்தியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சமயம் காலாட்படை, டாங்கிப் படை போன்ற பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு இன்னும் இடமில்லை. இதையும் பேத்தியிடம் சொன்னேன்.

என்.டி.ஏ.வில் மூன்று ஆண்டு. படிப்புக்கும் பயிற்சிக்கும் அரசே செலவு செய்கிறது. ஜே.என்.யு. பட்டம் கிடைக்கும். பிறகு தரைப்படைக்கு டேராடூனில் ஒரு ஆண்டு, கடற்படைக்குக் கேரளத்தில் எழிமலை, விமானப்படைக்கு ஹைதராபாத் பக்கம் துண்டிகல். அந்தக் கட்டத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் தரைப்படையில் லெப்டினன்ட்.

விளம்பரத்தில் வராத பக்கமும் இருக்கிறது. சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சேரும்போதே பெற்றோர் உறுதிப் பத்திரம் கொடுக்கிறார்கள். காயம்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால் பணம் கட்ட வேண்டாம், ஆனால் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடைக்காது. அப்படி ஊனத்தோடு வீடு திரும்பிய பிள்ளைகளின் நிலைமையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஓய்வூதியம் வேண்டுமானால் நிரந்தரப் பணியில் இருபது ஆண்டாவது பணியாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வேலையில் உயிர் போகலாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன பயன்?

பேத்தி வந்தாள். என் தம்பியும் வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டான், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்க்க. நான் மூன்று கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி: "ஏன் கண்ணு போகணும்? 'அமரன்' பாத்தியா?"

சிரித்தாள். "பாத்தேன் அத்தைப்பாட்டி, அழுதேன். ஆனா அதுக்காக இல்ல. போன வருஷம் என்.சி.சி. கேம்ப்ல வெயில்ல ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. எல்லாரும் கத்தறாங்க. எனக்கு மட்டும் என்ன செய்யணும்னு வரிசையாத் தெரிஞ்சது. நிழலுக்குத் தூக்கு, பெல்ட்டத் தளத்து, மேடத்தக் கூப்பிடுன்னு சொன்னேன். எல்லாரும் நான் சொன்னதச் செஞ்சாங்க. அப்பத்தான் தோணுச்சு."

இது நல்ல பதில். சீருடை, மரியாதை, கேன்டீன் சாமான் என்று சொல்லியிருந்தால் நானே கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

இரண்டாவது கேள்வி: "சாவைப் பத்தி யோசிச்சியா?"

ஊஞ்சல் நின்றது. அவள் தாத்தாவைப் பார்க்காமல், "யோசிச்சேன். பயமா இருக்கு. அம்மாவை நினைச்சாத்தான் அதிகமா பயமா இருக்கு" என்றாள். பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது கேள்வி: "கிடைக்கலன்னா? இல்ல, கிடைச்சு, ரெண்டாவது வருஷம் கால் உடைஞ்சு வீட்டுக்கு அனுப்பிட்டா?"

இதற்குப் பதில் இல்லை. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சிட்டு வா" என்று சொல்லி, தோசை வார்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு நோட்டோடு வந்தாள். ஒரு பக்கத்தில் என்.டி.ஏ. இன்னொரு பக்கத்தில் பி.எஸ்சி. கணிதம் படிக்கக் கல்லூரிகளின் பெயர்கள், என்.சி.சி. உள்ளவையாகப் பார்த்து. அதற்குக் கீழே, பட்டம் முடித்தபின் எழுதக்கூடிய சி.டி.எஸ். தேர்வு, நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி, என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் வழி. கடைசியில் சின்னதாக, "எதுவும் அமையலன்னா கணக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

மேஜர் முகுந்த் வரதராஜனும் பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் பரங்கிமலையில் பயிற்சி பெற்று அதிகாரியானார். பதினேழு வயதில் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களைவிடப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன்: "டேய், விண்ணப்பம் போடறது முடிவு இல்ல. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி., மெடிக்கல், இடம்னு நாலு வாசல் இருக்கு. ஒவ்வொரு வாசல்லயும் அவளும் யோசிக்கலாம், நாமும் பேசலாம். முதல் வாசல்லயே நாம போய் பூட்டுப் போடக் கூடாது."

அவன் மெல்லக் கேட்டான். "நீ அன்னிக்கு தபால்ல போடலதானே அக்கா?"

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, ஆமாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. "தெரியும். ரசீது தொலைக்கிற ஆளா நீ?" என்றான். அவ்வளவுதான் பேசினோம். அந்த ஊஞ்சலில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளை போக விரும்பினால் தடுக்காதீர்கள். விரும்பாத பிள்ளையை உங்கள் பெருமைக்காகத் தள்ளவும் செய்யாதீர்கள். இரண்டும் ஒரே தவறுதான், திசைதான் வேறு.

லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களிடம் நிதானமாக இருங்கள். என் மாணவன் ஒருவன் நகையை அடகு வைத்து மகனைச் சேர்த்தான். அங்கே எஸ்.எஸ்.பி.க்கு மனப்பாடப் பதில் சொல்லிக் கொடுத்தார்களாம். 15 விநாடிக்கு ஒரு வார்த்தை வரும்போது மனப்பாடம் எங்கே உதவும்? பையன் முதல் நாளே திரும்பி வந்தான். பள்ளிக் கணிதப் புத்தகம், தினம் ஒரு ஆங்கில நாளிதழ், என்.சி.சி., காலையில் ஓட்டம், வீட்டில் நாலு பேர் முன்னால் தன் கருத்தைத் தைரியமாகச் சொல்லும் பழக்கம் இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கடைசியில் சொன்னதை எந்த மையமும் விற்க முடியாது. அது உங்கள் வீட்டில்தான் கிடைக்க வேண்டும்.

நம் பகுதியில் சிப்பாய்களாகப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அதிகாரியாகவும் போகலாம் என்று நாங்கள் ஆசிரியர்கள் வகுப்பறையில் எத்தனை முறை சொன்னோம்? நான் சொன்னதில்லை. தெரியாததால் அல்ல, தெரிந்தே. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்த அறிவிப்பு வந்ததும் பேத்தி என் வீட்டில் உட்கார்ந்துதான் விண்ணப்பிக்கப் போகிறாள். இப்போது எல்லாம் கணினியில்தானாம், தபால் கிடையாதாம். இருந்தாலும் கடைசியில் அந்தப் பொத்தானை அத்தைப்பாட்டிதான் அழுத்த வேண்டும் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். தான் பக்கத்தில் நின்று பார்ப்பானாம்.

ரசீதை இந்த முறை பத்திரமாக வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்