பூஞ்சை பிடிக்கும் வீடியோ டேப்: நகல் எடுக்க என்ன பயம்?

"டி.வி., டெக்கு வாடகைக்கு" என்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தெருவுக்குத் தெரு போர்டு தொங்கிய காலம் ஒன்று இருந்தது. ராத்திரி பூரா மூணு படம் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாயோடு வந்து விடுவார்கள். அந்த டெக்கு இன்று காயலான் கடையில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். வி.எச்.எஸ். கேசட் ஜப்பானில் 1976-ல் பிறந்தது. அதை ஓட்டும் மெஷினைச் செய்து வந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016-ல் உற்பத்தியை நிறுத்தி விட்டது.

சினிமா கேசட் போனால் போகட்டும். அந்தப் படம் வேறு எங்காவது கிடைக்கும். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்ற டேப் போனால்?

மார்கழிக் கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம், காலேஜ் நாடகம், எழுத்தாளர் கூட்டம் என்று அந்தக் காலத்தில் வீடியோ எடுத்தவை ஏராளம். அவை கடைசியில் ஏதாவது ஒரு நூலக பீரோவில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பாடியவர் இல்லை, மிருதங்கம் வாசித்தவரும் இல்லை. டேப் மட்டும் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு?

உப்புக் காற்று

வீடியோ டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் பிசுபிசுக்கும். அந்த நிலையில் மெஷினில் போட்டால் துகள் உதிர்ந்து மெஷினின் ஹெட்டை அடைக்கும். படம் கோடு கோடாய்ப் போகும். பெசன்ட் நகரிலும் அடையாறிலும் கடற்காற்று இரும்பு ஜன்னலையே தின்கிறது. நாடா எம்மாத்திரம்? போதாததற்குப் பூஞ்சை வேறு.

யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019-ல் உலகம் முழுவதும் எச்சரிக்கை விட்டன. 2025 வாக்கில் ஓட்டுவதற்கு மெஷினே கிடைக்காமல் போகலாம், அதற்குள் நகல் எடுத்து விடுங்கள் என்று. அந்தக் கெடுவும் வந்து விட்டது.

"அப்படியானால் நகல் எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டால் பல இடங்களில் ஒரே பதில்தான்: "காப்பிரைட் சார். வம்பு எதுக்கு?"

இந்தப் பயத்தை ஒரேயடியாகக் கேலி செய்யவும் முடியாது. தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். அதிலிருந்து வீடியோ, நகல் என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தாலே குமாஸ்தாவுக்குக் குலை நடுங்குகிறது. ஆனால் நூலகத்தின் கதை வேறு. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தை, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு 3 பிரதி வரை எடுத்துக் கொள்ளலாம் என்று அதில் ஒரு விதி உண்டு. புத்தகம், சிற்றேடு, இசைத் தாள், வரைபடம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். வீடியோ வராது. வெகு காலம் இதுதான் முட்டுக்கட்டை.

2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 52-வது பிரிவில் புதிதாக ஒரு விதி. லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கனவே டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்குமானால், பாதுகாப்பதற்காக அதை மின்னணு முறையில் சேமித்து வைக்கலாம். புத்தகம் என்றில்லை, எந்தப் படைப்பாக இருந்தாலும் சரி. அனுமதிக் கடிதம் வேண்டாம். ராயல்டி வேண்டாம். டேப் நூலகத்தின் சொந்தமாக இருந்தால் போதும். இது வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பீரோவைப் பூட்டி வைத்திருப்பானேன்?

நியாயமான சிக்கலும் இருக்கிறது. பொது நூலகம் என்றால் எது? சட்டத்தில் விளக்கம் கிடையாது. அரசு நூலகம் சரி. டிரஸ்ட் நடத்தும் நூலகம்? சபாவின் சேகரிப்பு? கல்லூரி? அடுத்தது, சேமித்ததை வாசகருக்குப் போட்டுக் காட்டலாமா? விதி வாயே திறக்கவில்லை. பார்க்கவே கூடாது என்றால் சேமித்து என்ன புண்ணியம்?

அமெரிக்காவில் இதை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷின் வழக்கொழிந்து போய், நியாயமான விலைக்கு வேறு பிரதியும் கிடைக்காவிட்டால் நூலகம் 3 நகல் எடுக்கலாம். டிஜிட்டல் நகலை நூலகக் கட்டடத்துக்கு வெளியே விடக் கூடாது. பிரிட்டனில் 2014-ல்தான் சினிமா, ஒலிப்பதிவையும் இந்தச் சலுகையில் சேர்த்தார்கள். அமெரிக்காவின் அந்தக் "கட்டடத்துக்குள் மட்டும்" என்ற ஏற்பாடு இங்கேயும் நன்றாகவே பொருந்தும். நூலகத்தில் ஒரு மேஜை, ஒரு டி.வி. வந்து உட்கார்ந்து பார்த்து விட்டுப் போகட்டும்.

கலைஞர் குடும்பம் பயப்படுவதும் சரிதான். நூலகத்தில் எடுத்த நகல் மறுநாள் ஊர் பூராவும் செல்போனில் சுற்றினால் யார் பொறுப்பு? 1994 திருத்தத்திலிருந்து பாடுகிறவர், ஆடுகிறவருக்கும் தனி உரிமை உண்டு. காசு வாங்கி விற்றால் அவர்கள் பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும். பாதுகாப்பது வேறு, வியாபாரம் வேறு.

உரிமைக்காரர் யாரென்றே தெரியாவிட்டால்? வெளியிட லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம் என்று 31-ஏ பிரிவு சொல்கிறது. 2017 முதல் இந்த மனுக்கள் போக வேண்டிய இடம், தேனாம்பேட்டையில் தலைமையகம் வைத்திருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். 2021-ல் அதையும் கலைத்து விட்டார்கள். இப்போது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு கச்சேரி டேப்புக்காக எந்த நூலகம் வக்கீல் ஃபீஸ் கட்டும்?

பிழைத்த படம்

இங்கே ஒரு வேடிக்கை. முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வந்தது. இன்று ஒரு பிரதி கூட இல்லை. ஆனால் 1933-ல் வந்த மார்த்தாண்ட வர்மா என்ற மலையாள ஊமைப்படம் இருக்கிறது. எப்படி? கதையின் பதிப்புரிமை தன்னுடையது என்று நாவலை வெளியிட்ட புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது. படம் முடங்கியது. பிரதி அந்தப் புத்தக நிறுவனத்திடமே கிடந்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்குப் போட்டதால் படம் பிழைத்தது! எல்லா டேப்புக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்குமா?

நூலகத்துக்கு இந்தியாவிலேயே முன்னோடியாகச் சட்டம் போட்ட மாகாணம் சென்னை. வருஷம் 1948. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் மாம்பலத்துக் கடைக்காரரும் மந்தைவெளி வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஓடுகிற டெக்கு நாலு வாங்கி வைக்கட்டும். ரிப்பேர் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. எது பொது நூலகம், எங்கே போட்டுக் காட்டலாம் என்று மத்திய அரசு விளக்கம் தரட்டும். அது வரும் வரை சேமிப்பு வேலை நிற்க வேண்டியதில்லை. அதற்கு 2012 விதியே போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முதல் பீரோவையாவது திறக்கலாம்.