எர்த் ஒயர் நியூட்ரல் ஆகாது

"போர்டுல நியூட்ரல் இல்லையா? எர்த்துல குடுத்துடலாம் சார், ரெண்டும் ஒண்ணுதான்." ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டும் வீடுகளில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் அனுபவசாலி. வீட்டுக்காரருக்கு மறுத்துப் பேச விஷயம் தெரியாது. பச்சை ஒயர் நியூட்ரல் முனையில் ஏறுகிறது; செல்போனைத் தொட்டால் விளக்கு எரிகிறது, அணைகிறது. வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வீட்டின் பாதுகாப்பு அந்த நிமிடமே பறிபோய்விட்டது.

பழைய சுவிட்சுக்கு நியூட்ரல் தேவைப்பட்டதே இல்லை. லைன் போர்டுக்கு வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் போர்டைத் தொடாமல் நேரே விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல. விளக்கு அணைந்திருக்கும்போதும் உள்ளேயிருக்கும் மாட்யூல் வைஃபை கட்டளைக்காக விழித்திருக்க வேண்டும். அதற்கு எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும்; ஓடிய மின்சாரம் திரும்பிப் போக ஒரு ஒயர் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படி டூ-வே சுவிட்ச், வாசல் விளக்குக்கான தனிச் சுவிட்ச் போன்ற பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கேதான் பச்சை ஒயர் மேல் கண் விழுகிறது.

இரண்டும் ஒன்று என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுகிறார்கள்? டெஸ்டர் இரண்டிலும் எரியாது. ஹோல்டரில் பல்பு மாட்டி, ஒரு முனையை லைனிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தால் நன்றாக எரியும். மல்டிமீட்டரும் இரண்டு பக்கமும் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டும். மூன்றும் உண்மையே. ஆனால் மின்சாரம் அந்த ஒயர் வழியாகப் போக முடியும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. போகலாம் என்பதை அல்ல. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இதே பல்புச் சோதனையைச் செய்து பாருங்கள் என்றால் அவர்களே தயங்குவார்கள். 40 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய 174 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அந்தக் கணமே விழுந்து வீட்டை இருட்டாக்கிவிடும். இரண்டும் ஒன்றல்ல என்று அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை எர்த் செய்துதானே வைத்திருக்கிறார்கள் என்பார்கள். சரிதான், அங்கே செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு எர்த்தோ காம்பவுண்டுச் சுவர் ஓரக் குழியில் முடிகிறது. அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் நடுவில் இருப்பது வெறும் மண். அந்த மண் கோடையில் காய்ந்துபோகிறது என்பதால்தான் கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டுகிறோம், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம். தினப்படி மின்சாரம் ஓடுவதற்கு ஏற்பட்ட வழியா இது? எர்த் ஒயரில் சாதாரண நாளில் மின்சாரம் ஓடவே கூடாது. வாஷிங் மெஷினிலோ கீசரிலோ கசிவு ஏற்படும் அந்த ஒரு நாளுக்காக அது காலியாகக் காத்திருக்க வேண்டும்.

"மாட்யூல் இழுப்பது துளி மின்சாரம்தானே" என்பது அடுத்த சமாதானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாட்யூல் ஒரு வாட் எடுத்தால்கூட 230 வோல்ட்டில் 4 மில்லியாம்பியருக்கு மேல் ஆகிறது. நான்கு போர்டில் இப்படிச் செய்தால் 17 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., கசிவு 30-ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். 15-ஐத் தாண்டியதுமே விழவும் கூடும். எனவே அது காரணமே தெரியாமல் அடிக்கடி விழத் தொடங்குகிறது. அடுத்து நடப்பதுதான் கொடுமை. "இது சும்மா சும்மா ட்ரிப் ஆகுது, தேவையில்லாத சாமான்" என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கிறார்கள். தவறைச் சுட்டிக்காட்டிய கருவிக்குத் தண்டனை. தவறு சுவருக்குள் பத்திரமாக இருக்கிறது.

இப்போது எர்த் குழியில் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தக் குழியை யார் திறந்து பார்க்கிறார்கள்? மாட்யூலிலிருந்து எர்த் ஒயருக்கு வந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. அதே பச்சை ஒயரில்தான் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கீசர், கிரைண்டர் எல்லாவற்றின் உடலும் இணைந்திருக்கிறது. மாட்யூல் வழியாக வந்த லைன் இப்போது அந்த இரும்பு உடல்களில் நிற்கிறது. சுவிட்ச் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டும். வீட்டுக்காரர் வைஃபை கோளாறு என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார். அந்த நேரத்தில் ஈரக் கையோடு, வெறுங்காலோடு வாஷிங் மெஷினைத் தொடுபவரின் உடம்புதான் அந்த மின்சாரத்துக்கு வழியாகிறது. போர்டுகள் கூடக் கூட அந்த மின்சாரமும் கூடுகிறது. காப்பாற்ற வேண்டிய ஆர்.சி.சி.பி.யை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. மாட்டிய புதிதில் நன்றாக வேலை செய்தது என்பதை வைத்துப் பாதுகாப்பை எடைபோடக் கூடாது என்பது இதனால்தான்.

எர்த் வேண்டாம் என்றதும் சிலர் பக்கத்து அறை நியூட்ரலை இழுத்து வருகிறார்கள். அதுவும் கூடாது. ஒரு சர்க்யூட்டின் லைன் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், தனித்தனி ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இரண்டுமே விழக்கூடும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஆபத்து இன்னும் மோசம். ஒரு எம்.சி.பி.யை அணைத்துவிட்டு வேலை செய்பவர் நியூட்ரல் இணைப்பைப் பிரித்த மாத்திரத்தில், அடுத்த சர்க்யூட்டின் மின்சாரம் அவர் கையில் அடிக்கும்.

சரியான வழிகள் இருக்கின்றன, கடினமானவையும் அல்ல. அதே சர்க்யூட்டின் நியூட்ரலை அருகிலுள்ள பிளக் போர்டிலிருந்தோ விளக்கு பாயின்டிலிருந்தோ பைப் வழியாக இழுத்து வரலாம்; ஒரே ஒரு கறுப்பு ஒயர் போதும். பைப்பில் இடமில்லையென்றால் மாட்யூலை நியூட்ரல் இருக்கும் இடமான விளக்கு பாயின்ட் பெட்டிக்குள் வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் நியூட்ரல் வேண்டாத வகைச் சுவிட்சை வாங்கலாம். அது விளக்கு வழியாகவே துளி மின்சாரத்தை ஓட்டிக்கொள்ளும். சிறிய எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மினுமினுத்தால், தயாரிப்பாளர் சொல்லும் கெபாசிட்டரை விளக்குக்கு இணையாக மாட்ட வேண்டும். எதுவும் ஒத்துவராவிட்டால் பழைய சுவிட்ச் அப்படியே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் மெயினை அணைப்பது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு எழுந்துவிடும். அதையும் அணைக்க வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. சிவப்பு தீர்ந்துபோனதால் பச்சையில் லைன் ஓட்டிய வீடுகள் உண்டு. உரிமம் பெற்ற ஒயர்மேன் மீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, விளக்குச் சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் கொண்டுவர வேண்டும் என்று, சில விலக்குகளோடு, 2011 பதிப்பிலேயே சொல்லிவிட்டது. எலக்ட்ரானிக் சுவிட்சுகளுக்கு எர்த்தைத் திரும்பும் வழியாக ஆக்கிவிடக் கூடாது என்பதே அதன் காரணம். இங்கே புது வீடு கட்டுபவர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வேண்டும் என்று பூச்சுக்கு முன்னமே ஒப்பந்தக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியவர்கள் ஒரு போர்டையாவது ஒயர்மேனை வைத்துத் திறந்து பாருங்கள். நியூட்ரல் முனையில் எர்த் ஒயர் ஏறியிருந்தால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவர் மறுபடியும் சொன்னால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.