இறப்பர் விளையும் நாட்டில் வெறுங்கால்

கனடாவில் வாழும் என் மருமகன் 2024 ஓகஸ்டில் ஊருக்கு வந்தபோது, கிளிநொச்சியில் வயல் செய்யும் தன் தகப்பனாருக்கென்று ஒரு சோடிச் சப்பாத்துக் கொண்டு வந்தான். மான் வேட்டைக்குப் போவோர் அணியும் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரம். பழுப்புத் தோல், காய்ந்த இலைகளின் கோலம் அச்சிட்ட துணி, உள்ளே மெத்தை போன்ற பஞ்சு, தண்ணீர் உட்புகாது என்று உறுதி கூறும் சிறு சின்னம். விலை 240 டொலர். "மாமா, இதைப் போட்டால் எந்தக் காட்டுக்குள்ளையும் போகலாம்" என்றான். அவனுடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சப்பாத்தைப் பற்றிய அறிவில்தான் இருந்தது.

அத்தான் மகனுடைய மனம் நோகக்கூடாதென்று ஒரு நாள் அதை அணிந்து வயலுக்குப் போனார். வரம்பில் அரைமணி நேரம் நடந்ததும் கால் வெந்துவிட்டது. வாய்க்காலில் இறங்கியபோது தண்ணீர் மேல்வழியால் உள்ளே போனது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. "தம்பி, இது சப்பாத்தில்லை, காலுக்கு ரெண்டு கிணறு" என்றார். அன்று மாலையே அதைக் கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் இட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் பெருவெள்ளம். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் கண்டு சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சலென்று தெரியாமல் சனம் கலங்கியது. பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. வெள்ளம் வடிந்த வயலில், குதிக்கால் வெடிப்போடு வெறுங்காலில் இறங்கிய என் அத்தானுக்கும் அதே காய்ச்சல்தான். பதினொரு நாள் வைத்தியசாலையில் கிடந்து பிழைத்து வந்தார். 240 டொலர்ச் சப்பாத்து அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து, "இன்னும் நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்கிறார்கள். உள்ளூரிலிருந்து, "கமக்காரனுக்கு எதற்குச் சப்பாத்து? அவன் கால் உரமேறிய கால்" என்கிறார்கள். இரண்டும் பிழை. இரண்டாவது பிழை மட்டுமல்ல, ஈவிரக்கமற்றதும்கூட. ஆனால் முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இப்பக்கத்தை வாசிப்போரில் பெரும்பாலானோர் கடல் கடந்தவர்கள். அனுப்புகின்ற பணமும் அவர்களுடையது.

வேட்டைச் சப்பாத்து நல்ல பொருள்தான். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நல்லது. ஒன்ராறியோவில் நவம்பர்க் குளிரில் மரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்காக அசையாமல் குந்தியிருப்பவனுக்கு விரல் விறைக்கக்கூடாது. அதற்காகவே 400 கிராம், 800 கிராம், 1200 கிராம் என்று பஞ்சின் நிறையைச் சப்பாத்தின் மேல் எழுதி விற்கிறார்கள். எண் கூடக்கூட விலையும் கூடும். கூடிய எண்ணே தரமான சப்பாத்து என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். வன்னி வெயிலுக்கு அந்த எண் பூச்சியமாக இருக்க வேண்டும். நீர் உட்புகாத மென்படலத்தின் கதையும் அதுவே. பனி ஈரத்துக்கு அது காவல். முழங்கால்வரை தண்ணீரில் இறங்குகிறவனுக்கு அது சிறை. வெப்பமண்டலக் காடுகளில் போரிட்ட படைகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கக் காட்டுச் சப்பாத்தின் பக்கங்களைத் தோலுக்குப் பதிலாகத் துணியால் தைத்து, பாதத்தின் உட்புறமாக இரண்டு சிறு துளைகளும் வைத்தார்கள். தண்ணீர் வரும், நடக்க நடக்க வெளியேறும், துணி விரைவில் காயும்.

போரென்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இலைக் கோலம் அச்சிட்ட சப்பாத்தை எங்கள் பகுதிக்குக் கொண்டுவருவோர் சற்று யோசிக்க வேண்டும். இளைஞரின் முகத்தை விட்டுவிட்டு முழங்காலையும் பாதத்தையும் உற்றுப் பார்த்து விசாரித்த சோதனைச்சாவடிகளைக் கடந்து பத்திரிகைத் தொழில் செய்தவன் நான். படையுடையை ஒத்த எதையும் அணிந்து வீதியில் இறங்க என் வயதுக்காரர் எவருக்கும் இன்றும் மனம் வராது.

இனி, பிராண்டைப் பார்ப்பவர்கள் காலைப் பார்ப்பதேயில்லை. சிறுவயதிலிருந்து வெறுங்காலில் நடந்தவரின் பாதம் முன்புறம் அகன்று, விரல்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். வெளிநாட்டுச் சப்பாத்துகளிற் பெரும்பாலானவை சிறுவயதிலிருந்து சப்பாத்துக்குள் அடைபட்டு வளர்ந்த ஒடுங்கிய பாதத்தின் அச்சில் செய்யப்படுபவை. "அப்பாவுக்கு ஒன்பது" என்று நீளத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்தால் சுண்டுவிரல் நசியும். நசிகிறதென்று பதினொன்று வாங்கினால் குதிக்கால் உள்ளே ஏறி இறங்கித் தோலை உரிக்கும். சப்பாத்தை மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாக அணியும் காலுறையோடு பார்க்க வேண்டும். சரிவில் இறங்கும்போது பெருவிரல் முன்னே முட்டக்கூடாது, ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பணம் குறைந்தவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே இரகசியமும் இதுதான். காலுக்குப் பொருந்துகிற மலிவுச் சப்பாத்து, பொருந்தாத விலையுயர்ந்ததைக் காட்டிலும் நூறு மடங்கு மேல்.

மலிவு என்பதற்காக எதையும் வாங்கலாம் என்றும் சொல்லவில்லை. அடியை மேலோடு வெறும் பசையால் ஒட்டியதை ஒரு மழைக்காலம் பிரித்துவிடும். தைத்ததென்றால் சந்தியில் இருக்கும் சப்பாத்துத் தைப்பவர் திரும்பத் தைத்துக் கொடுப்பார். இன்னொன்றையும் அனுபவத்தால் சொல்கிறேன். ஜேர்மனியிலிருந்து நண்பரொருவர் 2012 இல் தந்த மலையேறும் சப்பாத்தை "நல்ல நாளுக்கு" என்று அலுமாரியில் வைத்திருந்தேன். நல்ல நாள் 2019 இல் வந்தது. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையில் பாதி வழியில் ஒரு பாதத்தின் அடி முழுவதுமாகக் கழன்று விழுந்தது. மற்றது பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெத்தென்றிருப்பதற்காக நடுவில் வைக்கப்படும் பொலியூரித்தேன், காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானாகவே சிதைந்துபோகும் பொருள். போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஆயுள் சில வருடங்கள்தான். எங்கள் புழுக்கத்தில் இன்னும் குறைவு. சால்வைத் துண்டால் கட்டிக்கொண்டு நான் இறங்கியபோது, இறப்பர்ச் செருப்போடு ஏறிய கிழவிகள் என்னைக் கடந்து மேலே போனார்கள்.

இனி உள்ளூர்க்காரருக்கு வருகிறேன். "உரமேறிய கால்" என்பது படித்தவர்கள் கமக்காரனைப் பற்றிச் சொல்லும் பழைய பொய். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தாலும் வெடிப்பாலும் நெடுநேரம் நீரில் ஊறிய தோலாலும் உட்புகுகிறது. உரமேறிய குதிக்காலில்தான் வெடிப்பும் அதிகம். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. பாம்போ அதைவிடக் கொடிது. பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகியிருக்கலாம், 400 பேருக்கு மேல் இறந்திருக்கலாம் என்று 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. பாம்பு கடிப்பது பெரும்பாலும் காலில். புத்தகங்கள் கண்ணாடி விரியன் என்று எழுதுகிற புடையன், வயல் வரம்பிலும் வைக்கோலிலும்தான் கிடக்கிறது. அதன் பல்லுக்கு உரமேறிய தோல் ஒரு பொருட்டல்ல.

சூடு மிதிக்கும் களத்துக்குள் செருப்போடு போகக்கூடாது என்ற மரபை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் அதை மதித்து வளர்ந்தவன். ஆனால் சூடு மிதிக்கிற களமே இன்று அருகிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்து சில மணித்தியாலங்களில் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. இரவு பத்து மணிக்கு மடை திறக்க வரம்பில் நடக்கிறவனிடம் அந்த மரபைச் சொல்லிப் பயனில்லை.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை அத்தானே சொன்னார். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கம்பூட்ஸ் கிளிநொச்சிக் கடைகளில் இருக்கிறது. நான் விசாரித்தபோது அந்த வேட்டைச் சப்பாத்தின் விலையில் பத்திலொன்றுகூட இல்லை. ஏன் போடவில்லை? சேற்றில் காலை வைத்தால் கால் திரும்பி வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். கெண்டைக்காலில் தொளதொளவென்று இருப்பதாலும், விற்பவை பெரும்பாலும் விறைப்பான பிவிசி பிளாஸ்ரிக் என்பதாலும் வருகிற வினை அது. போரின் பின் நிறுவனமொன்று எங்கள் ஊரில் இவற்றை இலவசமாகக் கொடுத்தபோது நானும் செய்தி எழுதப் போயிருந்தேன். எல்லாம் ஒரே அளவு. நாற்று நடுகிற, களை பிடுங்குகிற பெண்களுக்கும் அதே அளவு. அடுத்த மாதம் அவற்றில் பல கோழிக்குத் தீன் வைக்கவும் கன்றுக்குத் தண்ணீர் வைக்கவும் பயன்பட்டதைக் கண்டேன். கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படத்தைப் பிரசுரித்த பாவம் என்னுடையது.

வரம்புக்கும் தோட்டத்துக்கும் அந்தப் பூட்ஸ் போதும். காலுறை போட்டு, உள்ளே ஒரு தடித்த உள்ளடி வைத்து, கெண்டைக்காலில் பழைய சைக்கிள் ரியூப் துண்டால் கட்டிக்கொண்டால் ஓரளவு நிற்கும். இரவில் தடியில் கவிழ்த்து வைக்க வேண்டும், காலையில் தட்டிப் பார்த்துப் போட வேண்டும், மட்டத்தேள் குடியிருக்கும். ஆனால் சேற்று வயலுக்கு அது சரிவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேறொரு சப்பாத்து வேண்டும்.

அப்படியொன்று உலகில் இல்லாமலில்லை. ஜப்பானில் நாற்று நடுவோர் அணியும் சப்பாத்து, மெல்லிய இறப்பரால் ஆனது, கெண்டைக்காலை உறைபோல ஒட்டிப் பிடிப்பது, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுவது. சேறு அதைப் பறிக்காது. பெருவிரல் தனியாகப் பிரிந்த இறப்பர் அடிச் சப்பாத்தான ஜிக்காதாபியை 1920களில் சுரங்கத் தொழிலாளிக்கும் கமக்காரனுக்கும் மலிவாகச் செய்து விற்றது குருமே நகரத்து இஷிபாஷி குடும்பம். அந்த இறப்பர்த் தொழிலிலிருந்துதான் 1931 இல் பிரிட்ஜ்ஸ்ரோன் ரயர் நிறுவனம் பிறந்தது. பிரான்சிலும் 1853 இல் ஹைரம் ஹச்சின்சன் இறப்பர்ப் பூட்ஸ் செய்யத் தொடங்கியது மரக்கட்டை மிதியடியோடு உழுதுகொண்டிருந்த விவசாயிகளை நம்பித்தான்.

இலங்கைக்கு இறப்பர்க் கன்று வந்தது 1876 இல். இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கப்பலில் வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த நாடு பால் வடிக்கிறது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம ரயர் இங்கிருந்து உலகமெங்கும் போகிறது, கையுறை போகிறது. வண்டிக்கு இறப்பர்ச் சக்கரம் செய்யத் தெரிந்த நாட்டுக்கு, வயலில் இறங்குகிறவனுக்கு ஒரு இறப்பர்ச் சப்பாத்துச் செய்யத் தெரியாதா? உரமானியத்துக்காகப் பாராளுமன்றத்தில் குரல் வற்றக் கத்தியவர்களின் பேச்சுகளை முப்பது வருடமாகச் செய்தியாக்கியிருக்கிறேன். காலுக்காக ஒருவர் எழுந்து நின்றதாக ஞாபகமில்லை. எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது, கட்டாயம் விழுங்க வேண்டும். மாத்திரை புடையனைத் தடுக்காது.

ஊர்ச் சங்கங்கள் என்று வெளிநாடுகளில் எத்தனையோ இருக்கின்றன. கோபுரம் கட்டுகிறோம், மண்டபம் கட்டுகிறோம், கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். ஓர் ஊரின் கமக்காரர், பெண்கள் உட்பட, எல்லோருடைய காலையும் அளந்து, அந்த அளவுக்குச் சப்பாத்துச் செய்விக்க எந்தச் சங்கமாவது முன்வந்தால், அளக்கும் வேலையை நான் செய்து தருகிறேன்.

முதலாவது அளவை எடுத்தாகிவிட்டது. போன மாதம் மாலை ஐந்து மணிக்கு அத்தானை ஒரு பழைய பத்திரிகைத் தாளின் மேல் நிறுத்திப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். நீளம் 25.5 சென்ரிமீற்றர், அகலம் 11.3. படத்தைப் பார்த்த மருமகன், அவ்வளவு அகலத்தில் அந்தக் கடையில் சப்பாத்தே இல்லை என்று எழுதினான். அதே தாளின் பிரதியோடு இரண்டு உள்ளூர் உற்பத்தியாளருக்குக் கடிதம் போட்டேன், பதிலில்லை. மூன்றாமவருக்கு இந்தத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.